மின்சாரம் குறைவாக இழுக்கும் துணி டிரையர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி இதுதான்: நான்கு பேர் இருக்கும் வீடு. துணி காயப்போட வெயிலோ காற்றோ ஒழுங்காக வருகிற இடம் இல்லை. டிரையர் வாங்கலாம் என்றால் கரண்ட் பில் எகிறிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். கன்டென்சர் வகையைவிட ஹீட் பம்ப் வகைக்கு விலை நிறையவே அதிகம் சொல்கிறார்கள். அந்தக் கூடுதல் பணத்துக்கு அது தகுமா, எத்தனை கிலோ வாங்குவது, வேறு எதையெல்லாம் கவனிப்பது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு மூன்று நான்கு தடவை ஓட்டப்போகிறீர்கள் என்றால் ஹீட் பம்ப் டிரையரையே (ஹீட்டருக்குப் பதிலாகக் கம்ப்ரசர் வைத்தது, வகைகளைக் கீழே விளக்குகிறேன்) வாங்குங்கள். 7 அல்லது 8 கிலோ போதும். ஈரத்தை உணரும் சென்சார் கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் டிரையர் பார்க்கக் கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் வாஷிங் மெஷினை ஒரு பார்வை பாருங்கள். பில்லில் பாதிக் கணக்கு அங்கேதான் தீர்மானமாகிறது.

டிரையர் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதைச் சொல்வது துணியின் எடை இல்லை, அந்தத் துணியில் தங்கியிருக்கும் தண்ணீரின் எடை. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.65 யூனிட் வெப்பம் வேண்டும் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி). எந்தக் கம்பெனி செய்தாலும், முகப்பில் எத்தனை நட்சத்திரம் ஒட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஹீட்டர் வைத்த சாதாரண டிரையரில் இதற்கு மேல் துணியைச் சூடாக்க, டிரம்மைச் சூடாக்க, வெளியே கசிந்து போகும் வெப்பத்தை ஈடுகட்ட என்று சேர்ந்து, லிட்டருக்கு 0.9 முதல் 1 யூனிட் வரை ஆகிவிடும்.

ஐரோப்பாவில் டிரையர்களைச் சோதிக்கும்போது, பருத்தித் துணியில் அதன் காய்ந்த எடையில் 60 சதவீதம் ஈரம் இருப்பதாக வைத்துக்கொள்வார்கள். 7 கிலோ துணி என்றால் 4.2 லிட்டர் தண்ணீர். சாதாரண டிரையரில் இதற்கு 4 யூனிட் அளவுக்குப் போகும். ஹீட் பம்ப் அதே வேலையை ஒன்றரையிலிருந்து இரண்டு யூனிட்டுக்குள் முடித்துவிடும்.

இப்போது வாஷிங் மெஷினுக்கு வருவோம். 60 சதவீதம் என்பது சுமாராக 1000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1000 சுற்று) ஸ்பின்னில் கிடைப்பது. 800 என்றால் 70 சதவீதத்தை ஒட்டி நிற்கும். 1200 என்றால் ஐம்பதுகளின் தொடக்கத்துக்கு வரும், 1400 என்றால் 50, 1600 என்றால் 45 அளவில் இறங்கும். டிரம்மின் விட்டம், ஸ்பின் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பதைப் பொறுத்து மெஷினுக்கு மெஷின் இது கூடக்குறைய இருக்கும். பல டாப் லோட் மெஷின்கள் 700, 800 ஆர்பிஎம்மிலேயே நின்றுவிடுகின்றன. அதே 7 கிலோ துணியை 800-லிருந்து 1400-க்கு மாற்றிப் பிழிந்தால் டிரையருக்குப் போகும் தண்ணீரில் ஒன்றே கால் முதல் ஒன்றரை லிட்டர் வரை குறைகிறது. சாதாரண டிரையரில் அது ஒரு யூனிட்டுக்கு மேல். அந்தக் கூடுதல் ஸ்பின்னுக்கு வாஷிங் மெஷினின் மோட்டார் எடுக்கும் மின்சாரமோ இதில் ஒரு சிறு பங்குதான். தண்ணீரைச் சுழற்றித் தள்ளுவதற்கு ஆகும் செலவுக்கும், சூடாக்கி விரட்டுவதற்கு ஆகும் செலவுக்கும் அவ்வளவு வித்தியாசம்.

உங்கள் மெஷின் எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு எடைத் தராசு போதும். நன்றாகக் காய்ந்த டவல்களாகச் சேர்த்து ஒரு பக்கெட்டில் வைத்து நிறுத்துக்கொள்ளுங்கள். பக்கெட்டைக் கழித்து 3 கிலோ வருகிறது என்று வைப்போம். துவைத்து, ஸ்பின் முடிந்து எடுத்ததும் அதே பக்கெட்டில் மறுபடி நிறுங்கள். 5 கிலோ காட்டினால் 3 கிலோ துணியில் 2 லிட்டர் தண்ணீர் நிற்கிறது, அதாவது 67 சதவீதம். இன்னொரு முறை ஸ்பின் மட்டும் ஓட்டி நிறுத்துப் பாருங்கள். 200, 300 கிராம் குறைந்தால், டிரையர் வந்த பிறகும் அந்த இரண்டாவது ஸ்பின்னைப் பழக்கமாக வைத்துக்கொள்ளலாம். குறையவே இல்லை என்றால் அந்த மெஷினால் முடிந்தது அவ்வளவுதான். வாஷிங் மெஷினும் பழசாகி மாற்றும் நிலையில் இருந்தால், 1400 ஆர்பிஎம் ஃபிரன்ட் லோடையும் டிரையரையும் சேர்த்து யோசிப்பது நல்லது. ஐரோப்பிய லேபிளில் ஸ்பின்னுக்குத் தனி வகுப்பே இருக்கிறது. 45 சதவீதத்துக்குக் கீழ் ஈரம் விட்டால் ஏ, அங்கிருந்து 54-க்குள் இருந்தால் பி, அப்புறம் 63-க்குள் சி என்று இறங்கிக்கொண்டே போகும்.

அதிவேக ஸ்பின் பருத்தி, டவல், போர்வை, ஜீன்ஸுக்குத்தான். பட்டு, கம்பளி, மெல்லிய சட்டையை எல்லாம் 1400-ல் போடச் சொல்லவில்லை. பாலியஸ்டர் மாதிரித் துணிகள் தண்ணீரை அதிகம் பிடித்துவைக்காது, அவற்றுக்கு இதெல்லாம் பெரிய விஷயமும் இல்லை.

சில வாஷிங் மெஷின்களில் 'ஏர் டிரை' என்று ஒரு பட்டன் இருக்கும். அது வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நீண்ட நேரம் ஸ்பின் செய்வது மட்டும்தான். ஹீட்டர் கிடையாது. துணி ஈரம் குறைந்து வருமே தவிர, மடித்து அலமாரியில் வைக்கிற அளவுக்குக் காயாது. அதைக் காட்டி இதிலேயே டிரையர் இருக்கிறது என்று யாராவது விற்கப் பார்த்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

சரி, டிரையர் வகைகள். வென்டட் டிரையர் அறைக் காற்றை இழுத்து, ஹீட்டரில் சூடாக்கி, துணிக்குள் செலுத்தி, ஈரத்தோடு சேர்த்து ஒரு குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளிவிடும். அமைப்பு எளிது, விலை குறைவு, சீக்கிரம் காயவைக்கும், பழுது பார்ப்பதும் சுலபம். ஆனால் சூடாக்கிய காற்று முழுவதும் ஒரே தடவை பயன்பட்டு வெளியே போய்விடுகிறது. கூடவே கணக்கில் வராத ஒரு செலவும் உண்டு. வெளியே போகும் காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு வழியாக உள்ளே வந்தாக வேண்டும். ஏசி ஓடுகிற வீட்டில் அது புழுக்கக் காற்று. ஹீட்டர் ஓடுகிற குளிர் நாட்டு வீட்டில் அது பனிக்காற்று. அதைச் சரிசெய்ய ஏசியோ ஹீட்டரோ கூடுதலாக ஓடும். டிரையரின் லேபிளில் அந்த யூனிட் வராது, உங்கள் பில்லில் வரும்.

எரிவாயுவில் ஓடும் டிரையரும் இதே போலக் குழாய் வைத்ததுதான். எரிவாயு இணைப்பும் புகைபோக்கியும் ஏற்கெனவே இருக்கிற வீட்டுக்குச் சரி, மற்றவர்கள் அதை மறந்துவிடலாம்.

கன்டென்சர் டிரையருக்கு வெளியே குழாய் வேண்டாம். டிரம்மிலிருந்து வரும் ஈரக் காற்றை அறைக் காற்றால் குளிரவைத்து, தண்ணீராக்கி ஒரு தொட்டியில் சேர்த்துவிட்டு, காற்றை மறுபடி ஹீட்டருக்கு அனுப்பும். வாடகை வீட்டில் சுவரில் ஓட்டை போட முடியாதவர்களுக்கு வசதி. மின்சாரத்தைப் பொறுத்தவரை வென்டட் வகையைவிட எந்த விதத்திலும் குறைவில்லை, சில மாடல்களில் கொஞ்சம் அதிகமே. இழுத்த மூன்று நான்கு யூனிட்டும் கடைசியில் அறைக்குள்ளேயே வெப்பமாக இறங்கும். சின்ன அறையில் கதவைச் சாத்திவிட்டு ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் உள்ளே நிற்க முடியாது. குளிர் ஊரில் அது வரவேற்கத் தக்கது, வெப்பமான ஊரில் அது இன்னொரு செலவு.

ஹீட் பம்ப் டிரையரில் ஹீட்டருக்குப் பதிலாக ஃபிரிட்ஜில் இருப்பது போன்ற ஒரு கம்ப்ரசர் இருக்கும். ஈரக் காற்று முதலில் ஒரு குளிர்ந்த சுருள் வழியாகப் போகும். அங்கே நீராவி தண்ணீராகிக் கீழே வடியும். தண்ணீராகும்போது, அதை ஆவியாக்கச் செலவழித்த அதே 0.65 யூனிட் வெப்பத்தை அது திருப்பித் தருகிறது. அந்த வெப்பத்தைக் கம்ப்ரசர் அள்ளிக்கொண்டு போய்ச் சூடான சுருளில் கொட்ட, அதே காற்று மறுபடி சூடேறி டிரம்முக்குள் போகிறது. வெப்பத்தைப் புதிதாக உண்டாக்குவதற்குப் பதிலாக ஒரே வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால்தான், இயற்பியல் போட்ட அந்த 0.65 கோட்டுக்குக் கீழேயும் இதனால் போக முடிகிறது. நல்ல மாடல்கள் லிட்டருக்கு 0.3 முதல் 0.45 யூனிட்டில் முடிக்கின்றன. ஹீட்டர் வகை 2000 வாட்டுக்கு மேல் இழுக்கும் இடத்தில் இது பெரும்பாலும் 600 முதல் 900 வாட் இழுக்கும். பழைய வயரிங் உள்ள வீட்டில் இது ஒரு தனி நிம்மதி.

இதற்குக் கொடுக்கும் விலை நேரம். ஹீட்டர் டிரையரில் காற்று 70, 80 டிகிரி வரை சூடேறும், இதில் 50, 60 டிகிரிதான். முழு லோடு பருத்தி காய இரண்டரை மணி நேரம், சில சமயம் மூன்று மணி நேரம்கூட ஆகும். காலையில் துவைத்து அரை மணியில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும் என்கிற வீட்டுக்கு இது ஒத்துவராது. மற்றவர்களுக்கு இதில் ஒரு லாபமும் இருக்கிறது. குறைந்த சூட்டில் எலாஸ்டிக் சீக்கிரம் தளராது, பனியன் சுருங்காது, பிரிண்ட் வெடிக்காது. ஃபில்டரில் சேரும் பஞ்சு எல்லாம் உங்கள் துணியிலிருந்து உதிர்ந்ததுதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் மதிப்பு புரியும்.

இது சோதனை முயற்சி இல்லையா, நம்பி வாங்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. வீட்டு உபயோகத்துக்கு ஹீட் பம்ப் டிரையர் 1990-களின் பிற்பகுதியிலேயே ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்துவிட்டது. சுவிட்சர்லாந்து 2012-லிருந்தே இந்த வகையை மட்டும் விற்கலாம் என்கிற அளவுக்கு விதியை இறுக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலை 1 முதல் வந்த புதிய விதிகளை ஹீட்டர் வைத்த மின்சார டிரையர்களால் எட்ட முடியாது, அதனால் புதிதாகச் சந்தைக்கு வருவது ஹீட் பம்ப்தான். வேறு நாடுகளில் பழைய வகைகளை விலை குறைத்துத் தள்ளுவதைப் பார்த்தால் இந்தப் பின்னணியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் விலை தகுமா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு லோடுக்கு மிச்சம் சுமார் 2 யூனிட். வாரத்துக்கு நான்கு லோடு என்றால் வருடத்துக்கு 200 லோடு, 400 யூனிட். இதை உங்கள் யூனிட் கட்டணத்தால் பெருக்குங்கள். அப்படிப் பெருக்கும்போது பில்லின் சராசரியை எடுக்காதீர்கள். பயன்பாடு கூடக்கூடக் கட்டணமும் ஏறுகிற ஸ்லாப் முறை உங்களுக்கு இருந்தால், டிரையர் சேர்க்கும் யூனிட் எல்லாம் உச்ச ஸ்லாபில்தான் விழும். அந்தக் கட்டணத்தைத்தான் எடுக்க வேண்டும். வருகிற தொகையைக் கொண்டு இரண்டு மாடல்களின் விலை வித்தியாசத்தை வகுத்தால், எத்தனை வருடத்தில் போட்டது திரும்பும் என்று தெரிந்துவிடும். நான்கைந்து வருடத்துக்குள் வந்தால் யோசிக்கவே வேண்டாம். பத்து வருடம் காட்டினால் தள்ளிவிடலாம்.

தனியாக இருப்பவர், வாரத்துக்கு ஒரு லோடு, அதுவும் மழைக்காலத்தில் மட்டும் என்றால் வருடத்துக்கு 40, 50 யூனிட்கூட மிச்சமாகாது. அவருக்கு ஹீட் பம்ப் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. டிரையரே வேண்டாம், ஒரு டீஹியூமிடிஃபையர் (அறைக் காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் கருவி) வாங்கி, சின்ன அறையில் மடக்குக் கொடி போட்டு, கதவை மூடி ஓட்டினால் போதும். நல்ல கம்ப்ரசர் வகை என்றால் ஒரு யூனிட்டுக்கு இரண்டு லிட்டர் அளவு ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் டிரையரைவிட அது மேல். ஓர் இரவு ஆகும், அவ்வளவுதான். மற்ற நாட்களில் அறையின் பூஞ்சை வாடையையும் அது பார்த்துக்கொள்ளும்.

இனி லேபிள். ஐரோப்பிய முறையைப் பின்பற்றும் மாடல் என்றால் இரண்டு விதமான லேபிள்கள் இன்னும் கண்ணில் படும். பழையதில் ஏ+++ முதல் டி வரை எழுத்தும், வருடத்துக்கு இத்தனை யூனிட் என்ற எண்ணும் இருக்கும். அந்த வருடக் கணக்கு 160 தடவை ஓட்டுவதாக வைத்துப் போட்டது, எனவே 160-ஆல் வகுத்தால் ஒரு தடவைக்கு எவ்வளவு என்று கிடைக்கும். 8 கிலோ மாடல்களில் பி வகுப்புக் கன்டென்சருக்கு 560 யூனிட் அளவிலும், ஏ++ ஹீட் பம்ப்புக்கு 235 அளவிலும், ஏ+++ ஹீட் பம்ப்புக்கு 176 அளவிலும் எழுதியிருப்பது வழக்கம். வகுத்துப் பார்த்தால் முறையே 3.5, ஏறக்குறைய 1.5, 1.1. முழு லோடு, அரை லோடு இரண்டையும் கலந்த சராசரி இது, அதனால்தான் மேலே முழு லோடுக்குச் சொன்ன எண்ணைவிடக் குறைவாகத் தெரிகிறது.

புதிய லேபிளில் ஏ முதல் ஜி வரை மட்டும்தான், பிளஸ் எல்லாம் போய்விட்டது. யூனிட் கணக்கு 100 தடவைக்கு என்று போட்டிருக்கும். அளவுகோலையே மாற்றியிருப்பதால், புதிய லேபிளில் சி என்று போட்ட மாடல் பழைய லேபிளில் ஏ++ போட்டதைவிட மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்தை விட்டுவிட்டு ஒரு தடவைக்கு எத்தனை யூனிட் என்பதை மட்டும் ஒப்பிடுங்கள், அதுவும் ஒரே கிலோ அளவுள்ள மாடல்களுக்குள். அமெரிக்க மாடல் என்றால் சிஇஎஃப் என்று ஒரு எண் இருக்கும். ஒரு யூனிட் மின்சாரத்தில் எத்தனை பவுண்டு துணி காய்கிறது என்பதன் அளவு அது, கூடுதலாக இருந்தால் நல்லது. வழக்கமான அளவு மின்சார டிரையருக்கு எனர்ஜி ஸ்டார் என்கிற அமெரிக்க மின்சிக்கன முத்திரை கிடைக்க 3.93 போதும் என்பதால் ஹீட்டர் வைத்த வென்டட் மாடல்களும் அந்த முத்திரையோடு வரும். முத்திரையைப் பார்த்து நிறுத்திவிடாமல் எண்ணையும் பாருங்கள்.

ஹீட் பம்ப், கன்டென்சர் இரண்டிலும் லேபிளில் கன்டென்சேஷன் திறன் என்று ஒன்று இருக்கும். ஆவியான தண்ணீரில் எவ்வளவு தொட்டிக்குப் போய்ச் சேருகிறது என்பது அது. 90 சதவீதத்துக்கு மேல் இருப்பதை எடுங்கள். 75 சதவீதம் என்றால் நான்கு லிட்டரில் ஒரு லிட்டர் உங்கள் அறைக் காற்றில் கலக்கிறது. ஜன்னல் கண்ணாடி வியர்ப்பதும் சுவர் மூலையில் பூஞ்சை பிடிப்பதும் அப்படித்தான் தொடங்கும்.

சென்சார் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டைமர் மட்டும் உள்ள டிரையரில் நீங்கள் குத்துமதிப்பாக 90 நிமிடம் வைப்பீர்கள், துணி 65 நிமிடத்திலேயே காய்ந்திருக்கும். மீதி 25 நிமிடம் காய்ந்த துணியைச் சூடாக்கும் வேலைதான் நடக்கும். சென்சார் உள்ள டிரையரின் கதவைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தால், டிரம்மின் வாய் அருகே ஃபில்டருக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு இரண்டு உலோகப் பட்டைகள் தெரியும். ஈரத் துணி அவற்றின் மேல் உரசும்போது ஒன்றிலிருந்து மற்றதற்குச் சிறு மின்னோட்டம் பாயும். துணி காயக் காய அது குறையும், போதிய அளவு குறைந்ததும் மெஷின் நின்றுவிடும். துணிக்குப் போடும் சாஃப்ட்னரும் வாசனைத் தாள்களும் அந்தப் பட்டைகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலம் போலப் படியும். அப்புறம் ஈரத் துணியையே காய்ந்துவிட்டது என்று நினைத்து மெஷின் பாதியில் நிற்கும். பலர் அந்தக் கட்டத்தில் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். ஒரு துணியில் கொஞ்சம் வினிகரைத் தொட்டு அந்த இரண்டு பட்டைகளையும் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதை மாதத்துக்கு ஒரு முறை செய்யலாம்.

சென்சார் இருந்தால் துணி எந்த அளவுக்குக் காய வேண்டும் என்பதையும் தேர்வு செய்ய முடியும். இஸ்திரி போடும் துணியை 'அயர்ன் டிரை' அளவில் சற்று ஈரத்தோடு எடுத்துவிடுங்கள். கடைசி ஈரத்தைத் துரத்துவதுதான் டிரையருக்கு மிகச் சிரமமான பகுதி, நேரமும் அங்கேதான் போகும். 'எக்ஸ்ட்ரா டிரை' என்பது தடித்த டவலுக்கு மட்டும்.

எத்தனை கிலோ என்ற கேள்விக்கு: வாஷிங் மெஷினின் அளவுக்குச் சமமாக, அல்லது ஒரு கிலோ கூடுதலாக. நான்கு பேர் வீட்டுக்கு 7, 8 கிலோ நிறைவாகப் போதும். பெரிதாக வாங்கி அரை டிரம் போட்டு ஓட்டினால் மின்சாரமும் பாதியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள், கம்ப்ரசரும் டிரம்மும் சூடேற ஆகும் செலவு அப்படியே இருக்கும். கெட்டியான போர்வைகளை வீட்டிலேயே காயவைக்க வேண்டும் என்பவர்கள் மட்டும் 9 கிலோ யோசிக்கலாம். போர்வைக்கு எடையைவிட உருண்டு புரள இடம்தான் முக்கியம்.

துவைப்பதும் காயவைப்பதும் ஒரே மெஷினில் என்கிற வாஷர் டிரையர் கவர்ச்சியாகத் தெரியும். 8 கிலோ துவைக்கும் மெஷின் 5 கிலோதான் காயவைக்கும், ஆக முழு லோடு துவைக்கும் ஒவ்வொரு தடவையும் மூன்று கிலோவை வெளியே எடுத்து வைக்க வேண்டும். பெரும்பாலானவற்றில் உள்ளே ஹீட்டர்தான். சிலவற்றில் நீராவியைக் குளிரவைக்கக் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் காயவைக்கும்போதும் தண்ணீர் செலவாகும். ஹீட் பம்ப் வைத்த வாஷர் டிரையர்களும் வந்துவிட்டன. இரண்டு மெஷினுக்கு இடமே இல்லை என்றால் அவற்றைப் பாருங்கள். ஓரளவு இடம் இருந்தால், ஃபிரன்ட் லோட் மெஷினின் மேல் அதற்கான ஸ்டாண்டு வைத்து டிரையரைத் தனியாக ஏற்றுவதையே நான் சொல்வேன். ஒன்று பழுதானால் மற்றதாவது ஓடும்.

கடைகளில் யாரும் வாய் திறக்காத விஷயம் ஒன்று உண்டு: ஹீட் பம்ப்பின் சுருள்களைச் சுத்தம் செய்வது. ஃபில்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நுண்ணிய பஞ்சு கொஞ்சம் அதைத் தாண்டிப் போய், ஈரமாக இருக்கும் குளிர்ச் சுருளின் தகடுகளில் ஒட்டிக்கொள்ளும். ஒரு வருடம் விட்டால் சாம்பல் நிறக் கம்பளம் மாதிரி அடைத்துக்கொண்டு, காற்று போக வழியில்லாமல், இரண்டரை மணி நேர வேலை நாலு மணி நேரம் ஆகும். யூனிட்டும் அதற்கேற்ப ஏறும். சில மாடல்களில் கீழே ஒரு சின்னக் கதவைத் திறந்தால் சுருள் கண்ணுக்குத் தெரியும், மென்மையான பிரஷ்ஷால் நாமே துடைத்துவிடலாம். வேறு சிலவற்றில் தானே கழுவிக்கொள்ளும் வசதி இருப்பதாகச் சொல்வார்கள். துணியிலிருந்து எடுத்த தண்ணீரையே சுருளின் மேல் பாய்ச்சிக் கழுவும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது சரியாகக் கழுவாமல் பஞ்சு தங்கிவிட்டால், உள்ளே கையை விட வழி இல்லாததால் மெஷினைப் பிரிக்க வேண்டிவரும். எனக்குத் திறந்து பார்க்க முடிகிறதுதான் பிடிக்கும். மாதம் ஒருமுறை பிரஷ் பிடிக்கச் சோம்பல் என்பவர்கள் தானே கழுவுவதை எடுக்கலாம், பஞ்சு ஃபில்டரையாவது ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஃபில்டரை ஒவ்வொரு லோடுக்குப் பிறகும் சுத்தம் செய்ய வேண்டும், இதில் சலுகை கிடையாது. மின்சாரத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான தரவைத் தொகுத்தபோது, வீடுகளில் வருடத்துக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் என்று கணக்கிட்டது. அதில் முதன்மையான காரணம் சுத்தம் செய்யாமல் விட்டது. அங்கே ஓடுவதில் பெரும்பாலானவை அதிக சூட்டில் இயங்கும் வென்டட் வகை. வென்டட் வாங்குபவர்கள் பிளாஸ்டிக் குழாயையும் மெல்லிய அலுமினியத் தாள் குழாயையும் தவிர்த்து, உள்பக்கம் வழவழப்பான உலோகக் குழாயை, முடிந்தவரை நீளமும் வளைவும் குறைவாகப் போட வேண்டும்.

எங்கே வைப்பது என்பதும் யூனிட்டைப் பாதிக்கும். ஹீட் பம்ப்புக்குச் சாதாரண அறை வெப்பநிலைதான் பிடிக்கும். கடுங்குளிரில் மூடாத பால்கனியிலோ கராஜிலோ வைத்தால் 5, 10 டிகிரிக்குக் கீழே திணறும். வெயிலில் 35 டிகிரியைத் தாண்டும் இடத்திலும் அதன் வேலை மந்தமாகும். காற்று புழங்காத அலமாரிக்குள் அடைத்து வைத்தால் அதன் சொந்த வெப்பமே அதற்குப் பகை. தொட்டிக்குப் பதிலாக வடிகுழாயை நேராகச் சாக்கடைத் துளைக்குக் கொடுக்க முடிகிற இடமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் நான்கு லிட்டரைத் தூக்கிக் கொட்டும் வேலை மிச்சம். அந்தத் தண்ணீரை இஸ்திரிப் பெட்டிக்கு ஊற்றலாம் என்பார்கள். அதில் நுண்ணிய பஞ்சு இருக்கும், ஸ்டீம் துளையை அடைத்துவிடும், வேண்டாம். தரை துடைக்க நன்றாகப் போதும்.

மெஷினின் விவரத் தகட்டில், கம்ப்ரசரில் ஓடும் வாயு ஆர்290 என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது புரொப்பேன். பழைய மாடல்களில் இருந்த ஆர்134ஏ வாயு கசிந்தால் கார்பன் டை ஆக்சைடைப் போல 1,400 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும், புரொப்பேனுக்கு அந்த எண் ஒற்றை இலக்கம்தான். தீப்பற்றும் வாயுதான், ஆனால் வீட்டு மெஷினில் 150 கிராமுக்கு மேல் அடைப்பதில்லை. கம்ப்ரசருக்கு 'இன்வெர்ட்டர்' (தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் வகை) என்று எழுதியிருந்தால் நல்லது, சத்தமும் குறையும். செல்போன் செயலி, நீராவிப் புத்துணர்ச்சி, புற ஊதா விளக்கு இதற்கெல்லாம் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

எல்லாத் துணியையும் டிரையரில் போட வேண்டும் என்றும் இல்லை. சட்டை, மெல்லிய சுடிதார், பாலியஸ்டர் எல்லாம் அறைக்குள் ஹேங்கரில் மாட்டினாலே சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். டிரையரைத் தண்ணீர் குடிக்கும் டவல், ஜீன்ஸ், படுக்கை விரிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெல்லியதையும் தடித்ததையும் ஒன்றாகப் போட்டால் தடித்தது காயும்வரை மெல்லியது சும்மா சூடாகிக்கொண்டிருக்கும், எனவே பிரித்துப் போடுவது நல்லது. இரண்டு லோடு இருந்தால் அடுத்தடுத்து ஓட்டுங்கள், முதல் லோடின் சூடு இரண்டாவதுக்கு உதவும்.

கடைசியாக, மெஷின் வீட்டுக்கு வரும் நாளில் ஒரு விஷயம். கொண்டுவந்தவர்கள் படியேற்றும்போது சாய்த்தோ படுக்கவைத்தோ தூக்கியிருப்பார்கள். கம்ப்ரசரில் உள்ள எண்ணெய் இடம் மாறியிருக்கும். நிமிர்த்தி வைத்து, கையேட்டில் சொன்ன நேரம் வரை (பல மாடல்களுக்குச் சில மணி நேரம், சிலவற்றுக்கு ஒரு நாள்) காத்திருந்து அப்புறம் சுவிட்சைப் போடுங்கள். பொருத்த வந்தவர் ஓட்டிக் காட்டிவிட்டுப் போகிறேன் என்று அவசரப்பட்டாலும் விடாதீர்கள்.